போர்டில் பட்டு விழும் பந்து

காரைக்குடியில் நான் படித்த கல்லூரியின் கூடைப்பந்துத் திடல் அந்நாளில் வெறும் செம்மண் தரை. ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு பேர் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்துப் புழுதியை அடக்கிச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட வேண்டும். பாதி ஆட்டத்துக்குள் கோடு காலடியில் கலைந்துவிடும். அதன் பிறகு எது உள்ளே, எது வெளியே என்பதை நடுவரின் மனச்சாட்சிதான் தீர்மானிக்கும். போர்டுகள் இரண்டும் மரப் பலகைகள். கிழக்குப் பக்கத்துப் பலகை மழையில் ஊறி நடுவே லேசாகப் பிதுங்கியிருந்தது. அதில் பட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது எங்களுக்கு மட்டுமே தெரியும் என்பதால், வெளியூர் அணிகளுக்கு எதிராக அந்தப் பலகையே எங்களுக்கு ஆறாவது ஆட்டக்காரராக இருந்தது.

அந்தத் திடலில் 1996 முதல் 1999 வரை நான் சென்டராக, அதாவது கூடையை ஒட்டி நின்று ஆடுகிறவனாக, ஆடினேன். ஆறடி ஓரங்குலம் உயரம் இருந்தால் எங்கள் பக்கத்தில் சென்டர் இடம் கேட்காமலே கிடைத்துவிடும், திறமையெல்லாம் அப்புறம். எங்கள் பி.டி. சார் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், பக்கவாட்டில் நின்று பந்தைப் போர்டில் தட்டிக் கூடைக்குள் விழவைப்பது. "ரிங்கைப் பாக்காதே. போர்டுல இருக்கிற கட்டத்தோட மேல்மூலையைப் பாரு. அங்க கொண்டுபோய் வையி, அது தானா உள்ள போகும்" என்பார். வைப்பது என்பதுதான் அவருடைய சொல். எறிவது என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கோ அந்தப் பாடம் பிடிக்கவில்லை. நேராக எறிந்து, ரிங்கைக்கூடத் தொடாமல் பந்து உள்ளே இறங்கினால் திடலைச் சுற்றி நிற்பவர்கள் விசில் அடிப்பார்கள். போர்டில் பட்டு விழுந்தால், ஏதோ அதிர்ஷ்டத்தில் விழுந்த பந்து என்றுதான் நினைப்பார்கள். இருபது வயதில் விசில் பெரிய விஷயம்.

கல்லூரி முடிந்து ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேரக் காத்திருந்த 1999 ஜூன் மாதத்து விடியற்காலை ஒன்றில், கேபிள் டிவியில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.-வின் இறுதித் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. நீண்ட கைகளும் சலனமில்லாத முகமும் கொண்ட இருபத்து மூன்று வயது இளைஞர் ஒருவர், கூடைக்கு இடப்பக்கம் நின்று பந்தை வாங்கினார். எதிரே நின்றவரை ஒரு கணம் பார்த்தார். ஒரு காலை முன்னே வைப்பதுபோல் வைத்து எடுத்தார். எதிராளி அரையடி பின்வாங்கிய அந்த இடைவெளியில் எழும்பி, பந்தைக் கட்டத்தின் மேல்மூலையில் கொண்டுபோய் வைத்தார். எறியவில்லை, வைத்தார். பி.டி. சாரின் சொல் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியின் டிம் டங்கனை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான். அந்த ஆண்டு நியூயார்க் நிக்ஸ் அணியை 4-1 என வென்று ஸ்பர்ஸ் தன் முதல் பட்டத்தைப் பெற்றது. இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது டங்கனுக்குக் கிடைத்தது.

பதினான்கு வயது வரை டங்கனுக்குக் கூடைப்பந்தில் நாட்டமில்லை. அவர் நீச்சல்காரர். கரீபியன் கடலில், அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயில், 1976 ஏப்ரல் 25 அன்று பிறந்தவர். தந்தை கொத்தனார், தாய் பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சி. அக்காள் டிரிஷா 1988 சியோல் ஒலிம்பிக்கில் அந்தத் தீவுகளின் சார்பில் நீந்தியவர். தம்பியும் 400 மீட்டர் நீச்சலில் அதே வழியில் போய்க்கொண்டிருந்தார். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் வந்து, போட்டிக்குத் தகுந்த அளவில் தீவில் இருந்த ஒரே நீச்சல்குளத்தை அழித்துவிட்டது. கடலில் பயிற்சி செய்யலாம் என்றார்கள். சுறாவை நினைத்தால் பையனுக்குப் பயம். மறு ஆண்டு, அவருடைய பதினான்காவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், தாய் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். பையன் அத்துடன் நீச்சலை விட்டான். மூத்த அக்காளின் கணவர், அமெரிக்காவில் கல்லூரி அணியில் ஆடியவர், அவனைக் கூடைப்பந்துப் பக்கம் திருப்பினார்.

ஒரு புயல் ஒருவருடைய தொழிலையே மாற்றிவிடும் என்பதை எங்கள் பக்கத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா அடித்துவிட்டுப் போன பிறகு, புதுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பை நம்பியிருந்த எத்தனையோ பேர் வேறு பிழைப்புத் தேடிப் போனார்கள். கொத்தனார் என்ற சொல்லும் எனக்கு இங்குள்ளவர்களையே நினைவூட்டுகிறது. முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்துப் பூசி, நூறாண்டு கழிந்தும் தொட்டால் வழுக்குகிற சுவர்களை எங்கள் வீடுகளில் எழுப்பியவர்கள் அவர்கள். எந்த வீட்டு முகப்பிலும் அவர்கள் பெயர் கிடையாது. வீட்டுக்காரர் பெயர்தான் இருக்கும்.

தாயிடம் டங்கனும் அக்காள்மாரும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார்கள்: கல்லூரிப் பட்டம் வாங்காமல் விடுவதில்லை என்று. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு முடிந்தபோதே அவரை எடுத்துக்கொள்ளத் தொழில்முறை அணிகள் தயாராக இருந்தன. கோடிக்கணக்கான டாலரை ஒத்திவைத்துவிட்டு நான்கு ஆண்டும் படித்து, 1997-இல் உளவியலில் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். படித்த காலத்தில், தற்பெருமை பேசுகிறவர்களைக் கண்டால் மற்றவர்களுக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்பது பற்றித் தம் பேராசிரியரோடு சேர்ந்து ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றும் எழுதியிருக்கிறார். இதை நான் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். அவர் ஆட்டத்துக்கே உரை எழுதியதுபோல் இருந்தது.

1996-97 பருவத்தில் ஸ்பர்ஸ் அணி 82 ஆட்டங்களில் 20-ஐ மட்டுமே வென்றிருந்தது. அணியின் தூணான டேவிட் ராபின்சன் காயத்தால் ஆறே ஆட்டங்கள்தான் ஆடினார். அந்தச் சரிவின் பலனாகப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வாய்ப்பு ஸ்பர்ஸுக்குக் கிடைக்க, அவர்கள் டங்கனை எடுத்தார்கள். பயிற்சியாளர் கிரெக் போப்போவிச் தீவுக்கே போய்ப் பையனோடு கடலில் நீந்திவிட்டு வந்தார். ராபின்சன் தம்மோடு பயிற்சி செய்யும்படி கொலராடோவுக்கு அழைத்துக்கொண்டார். 1995-இல் ஆண்டின் மிகச்சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான ராபின்சன், பத்து வயதுக்கும் மேல் இளைய ஒருவர் தம் இடத்தை எடுத்துக்கொள்ளத் தாமே விலகி வழிவிட்டதுதான், பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்பது என் எண்ணம். முதல் பருவத்திலேயே டங்கன் ஆட்டத்துக்குச் சராசரியாக 21.1 புள்ளிகளும் 11.9 ரீபவுண்டுகளும் (உள்ளே போகாமல் தெறித்துவரும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார். 20 வெற்றி 56 ஆனது.

என் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூனில் ஒரு மார்க்காவில், அதாவது வணிக நிறுவனத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாக உயர்ந்து, 1942-இல் யுத்தத்தின்போது நடந்தே ஊர் திரும்பியவர். பெட்டியடிப் பையன் முதலில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பிறகு சிட்டை எழுத வேண்டும், பிறகு அடுத்தாள், எல்லாம் தேறினால் மேலாள். நல்ல மேலாள், தமக்குப் பின் அந்த இடத்தில் உட்காரப்போகிறவனைத் தாமே தயார் செய்துவிட்டுத்தான் கப்பல் ஏறுவார் என்று ஐயா சொல்லுவார். ராபின்சன் டங்கனைத் தயார் செய்ததையும், பதினைந்து ஆண்டுகள் கழித்து டங்கன் கவாய் லெனர்ட் என்ற பேசாத இளைஞரைத் தயார் செய்ததையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஐயா சொன்னதுதான் நினைவுக்கு வரும்.

2003 ஜூன் 16, திங்கட்கிழமை காலை. அமெரிக்காவில் அது ஞாயிறு இரவு. நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு எதிரான இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை எங்கள் வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பத்தா வளவில் கோலம் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "யாருப்பு இந்தப் பிள்ளை, ஐந்தொகை எடுக்க உக்காந்த மேலாள் மாதிரி மூஞ்சிய வச்சிருக்கு?" என்று கேட்டார். ஐந்தொகை எடுப்பது என்றால் ஆண்டு முடிவில் வரவு, செலவு, பற்று, இருப்பு எல்லாம் கூட்டிக் கணக்கை முடிப்பது. அன்று அந்தப் பிள்ளை முடித்த கணக்கு இது: 21 புள்ளி, 20 ரீபவுண்ட், 10 அசிஸ்ட் (தோழர் கூடை போட வழிசெய்த பாஸ்), 8 பிளாக் (எதிராளி எறிந்த பந்தைத் தடுத்தது). இன்னும் இரண்டு பிளாக் கிடைத்திருந்தால் நான்கு இனங்களிலும் இரட்டை இலக்கம் வந்திருக்கும். இறுதித் தொடர் எதிலும் எவரும் அப்படி ஆடியதில்லை. கடைசிக் கால்பகுதியில் பின்தங்கியிருந்த ஸ்பர்ஸ், எதிரணிக்கு ஒரு புள்ளியும் கொடுக்காமல் தொடர்ந்து 19 புள்ளிகள் எடுத்து 88-77 என்று வென்றது. ராபின்சனுக்கு அதுவே கடைசி ஆட்டம். அவரும் 13 புள்ளியும் 17 ரீபவுண்டும் எடுத்துவிட்டுத்தான் விடைபெற்றார். ஆட்டம் முடிந்தபோது டங்கன் சிரித்தார். அப்பத்தாவுக்கு அதில் ஒரு திருப்தி. "கணக்கு நேராயிருச்சு போல" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

போர்டு ஷாட்டைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டங்கனைச் சலிப்பூட்டும் ஆட்டக்காரர் என்று சொன்னவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு ஷாட்டைச் சரியாகப் பார்க்காதவர்கள். ரிங் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் விட்டம் 45 சென்டிமீட்டர். பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். நேர் மேலிருந்து விழும் பந்துக்கு அந்த வளையம் முழு வட்டமாகத் திறந்திருக்கும். தாழ்வாக வரும் பந்துக்கோ அது ஒடுங்கிய நீள்வட்டம்தான். அதனால் நேராக எறிகிறவர் பந்தை உயரமாக வளைத்து அனுப்ப வேண்டும். தூரத்தில் சிறு பிழை வந்தாலும் பந்து முன்விளிம்பிலோ பின்விளிம்பிலோ முட்டித் தெறிக்கும். போர்டு இந்தப் பிழையில் ஒரு பங்கைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறது. பலகையில் மோதும் பந்து வேகத்தில் ஒரு பகுதியை அங்கேயே இழந்து, சாந்தமாகக் கீழே இறங்குகிறது. கூடைக்கு ஏறக்குறைய 45 பாகை கோணத்தில், பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் நின்று, பின்சுழற்சி கொடுத்து மேல்மூலையில் பந்தை வைத்தால், கை கொஞ்சம் தவறினாலும் உள்ளே போவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. நேர் எதிரில் நின்றாலோ, கூடைக்குப் பின்னால் ஓடும் எல்லைக்கோட்டை ஒட்டி நின்றாலோ இந்தச் சலுகை குறைந்துவிடும். ஆகவே, இந்த ஷாட்டின் பாதி வேலை கையில் இல்லை. நிற்கும் இடத்தில் இருக்கிறது. டங்கன் அந்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர்ந்துவிடுவார். அவர் எங்கே நிற்கப்போகிறார், என்ன செய்யப்போகிறார் என்பது அரங்கில் இருந்த எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பத்தொன்பது ஆண்டுகள் தடுக்க முடியவில்லை.

அவருக்கு 'பிக் ஃபண்டமென்டல்' என்று பெயர் வைத்தவர் ஷகீல் ஓ'நீல். அடிப்படைகளின் பெரியவர் என்று அதைத் தமிழில் சொல்லலாம். கேலியும் மரியாதையும் கலந்த பெயர். ஓ'நீல் ஆடிய காலத்தில் ரிங்கைப் பிடித்துத் தொங்கிப் போர்டையே கீழே சாய்த்தவர். ஒருவர் போர்டை உடைக்கிறார், இன்னொருவர் அதைப் பயன்படுத்துகிறார் என்று எங்கள் பழைய அணித் தோழன் ஒருவன் சொல்லுவான். ஓ'நீலின் ரசிகர்கள் இதைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் அவரைப் பிடிக்கும்.

2004 மே மாதம் அந்த ஓ'நீலின் லேக்கர்ஸ் அணிக்கு எதிராக, ஆட்டம் முடிய 0.4 விநாடி இருக்கும்போது, ஓ'நீலின் நீட்டிய கைக்கு மேலாக நிலைதடுமாறி விழுந்துகொண்டே டங்கன் எறிந்த பந்து உள்ளே போய் ஸ்பர்ஸ் 73-72 என முந்தியது. வென்றுவிட்டோம் என்று அரங்கமே எழுந்து நின்றபோது, மீதமிருந்த அந்த 0.4 விநாடியில் லேக்கர்ஸின் டெரெக் ஃபிஷர் பந்தை வாங்கி, திரும்பி, கூடைக்குள் போட்டுவிட்டார். அன்று காலை நான் அலுவலகத்தில் யாரோடும் பேசவில்லை. அதே கோடையில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியோடு டங்கன் பெற்றது வெண்கலம் மட்டுமே. அதன் பிறகு நாட்டு அணிக்கு அவர் ஆடவில்லை. 2005-இலும் 2007-இலும் மீண்டும் பட்டங்கள் வந்தன. பிரான்ஸிலிருந்து வந்த டோனி பார்க்கர், அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி ஆகியோருடன் அவர் அமைத்த கூட்டு, என்.பி.ஏ.-வில் மூவர் சேர்ந்து பெற்ற வெற்றிகளின் எண்ணிக்கையில் சாதனை படைத்தது. 1999 டிராஃப்டில் ஜினோபிலி 57-ஆவதாகத் தேர்வானவர். பார்க்கர் 2001-இல் 28-ஆவது. யாரும் பெரிதாக எண்ணாத இருவரைத் தம் அளவுக்கு வளரவிட்டதில் அந்த மேலாளின் குணம் தெரிகிறது.

முகத்தில் எதுவும் காட்டாத இந்த மனிதர் ஒருமுறை சிரித்ததற்காகத் திடலைவிட்டு வெளியேற்றப்பட்டார் என்றால் நம்ப மாட்டீர்கள். 2007 ஏப்ரலில் டல்லஸில் நடந்த ஆட்டத்தில், மாற்று ஆட்டக்காரர் இருக்கையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவரை, தம்மைக் கேலி செய்கிறார் என்று கருதி நடுவர் வெளியே அனுப்பினார். நடவடிக்கை கடைசியில் நடுவர்மீதே பாய்ந்து, அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்களில் அவர் பணியாற்ற முடியாமல் போயிற்று.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் எனக்கு அவருடைய சம்பளக் கதையும் முக்கியம். என்.பி.ஏ.-வில் ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. நட்சத்திரம் ஒருவர் பெரும் தொகையை எடுத்துக்கொண்டால், மற்றவர்களுக்கு மிஞ்சுவது குறைவு. 2011-12 பருவத்தில் 2 கோடியே 10 இலட்சம் டாலருக்கு மேல் வாங்கிய டங்கன், 2012-இல் புதிய ஒப்பந்தம் போட்டபோது ஆண்டுக்கு ஒரு கோடி டாலர் அளவிலேயே, அதாவது பாதிக்கும் குறைவாக, ஒப்புக்கொண்டார். மிச்சப்பட்ட பணத்தில் துணை ஆட்டக்காரர்களைத் தக்கவைத்துக்கொள்ள முடிந்தது. மார்க்கா நிலைக்க வேண்டும் என்பதற்காகத் தம் பங்கை மார்க்காவிலேயே விட்டுவைத்த மேலாள்களைப் பற்றி ஐயா சொல்லிக் கேட்டிருக்கிறேன், நேரில் பார்த்ததில்லை. இத்தனை கணக்குப் பார்த்தவர் தம் சொந்தப் பணத்தை நம்பி ஒப்படைத்த முதலீட்டு ஆலோசகரிடம் ஏமாந்தார் என்பது வருத்தமான செய்தி. 2 கோடி டாலருக்கு மேல் இழந்ததாக அவர் கூறினார். அந்த ஆலோசகர் 2017-இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு நான்கு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். நான் என் வாடிக்கையாளர்களிடம் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள் என்று சொல்லும்போது, இந்தக் கதையைச் சொல்லுவதுண்டு. கூடைப்பந்து தெரியாதவர்களும் கவனமாகக் கேட்பார்கள்.

2013 இறுதித் தொடரை நான் மறுபடி முழுதாகப் பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன். மயாமி ஹீட் அணிக்கு எதிராக ஸ்பர்ஸ் மூன்று ஆட்டங்களை வென்றிருந்தது. ஆறாவது ஆட்டம் இந்தியாவில் புதன்கிழமை காலை. முப்பத்தேழு வயதில் டங்கன் 30 புள்ளியும் 17 ரீபவுண்டும் எடுத்திருந்தார். 28 விநாடி மிச்சமிருக்கும்போது ஸ்பர்ஸ் ஐந்து புள்ளி முன்னால் இருந்தது. கோப்பையை ஏந்திவர வேண்டியவர்கள் திடலோரத்தில் மஞ்சள் கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள். முன்னிலை மூன்று புள்ளியாகக் குறைந்தபோது, எதிரணி மூன்று புள்ளி ஷாட்டுக்கு முயலும் என்று கணித்து, வேகமாக ஓடக்கூடியவர்களைத் திடலில் வைத்துக்கொள்வதற்காகப் போப்போவிச் டங்கனை வெளியே உட்காரவைத்தார். மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் எறிந்த பந்து ரிங்கில் பட்டுத் தெறித்தது; டங்கன் இல்லாத அந்த இடத்தில் கிறிஸ் பாஷ் எழும்பிப் பந்தைப் பிடித்து மூலைக்கு அனுப்ப, ரே ஆலன் பின்னோக்கி நகர்ந்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே காலை வைத்து எறிந்தார். 5.2 விநாடி மிச்சம் இருக்கையில் ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் 103-100 என்று ஸ்பர்ஸ் தோற்றது. போப்போவிச் செய்தது தவறு என்று அன்று சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன். இப்போது யோசித்தால், ஆண்டு முழுதும் அவர் அதே கணக்கில்தான் ஆட்களை மாற்றினார்; அன்று அது பலிக்கவில்லை.

அதைவிட வலித்தது ஏழாவது ஆட்டம். கடைசி ஒரு நிமிடத்துக்குள் ஸ்பர்ஸ் இரண்டு புள்ளி பின்தங்கியிருக்கும்போது, டங்கன் தம்மைவிட உயரம் குறைந்த ஷேன் பேட்டியரைத் தோளால் ஒதுக்கி, கூடைக்கு மிக அருகில் ஒரு கொக்கி ஷாட் போட்டார். ஆயிரம் முறை போட்ட ஷாட். விழவில்லை. துள்ளிவந்த பந்தைத் தாமே தட்டினார்; அதுவும் விழவில்லை. திரும்பி ஓடும்போது குனிந்து இரண்டு கைகளாலும் தரையை அறைந்தார். பதினாறு ஆண்டு பேரேட்டில் நான் பார்த்த ஒரே அடித்தல் திருத்தல் அதுதான். 95-88 என்று பட்டம் மயாமிக்குப் போயிற்று.

என் முழங்காலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 1999-இல் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஒன்றில் என் இடது முழங்காலின் சவ்வு கிழிந்தது. சுளுக்குத்தான் என்று சொல்லி எண்ணெய் நீவி மூன்று வாரம் ஆடவைத்தார்கள். அத்தோடு என் ஆட்டம் முடிந்தது. டங்கனுக்கும் 2000-இல் அதே இடது முழங்காலில் அதே சவ்வு கிழிந்து, அந்த ஆண்டின் ப்ளேஆஃப் ஆட்டங்கள் (பருவ முடிவில் பட்டத்துக்காக நடப்பவை) முழுவதும் வெளியே உட்கார வேண்டியிருந்தது. அவரை அவசரப்படுத்தி ஆடவைக்கவில்லை. பிற்காலத்தில் முழங்காலின் சுமையைக் குறைப்பதற்காகவே உடல் எடையைக் குறைத்து, காலில் பெரிய பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஆடினார். இருவருக்கும் வந்த காயம் ஒன்றுதான் என்று நான் சொல்லிக்கொள்வதை என் மனைவி இன்றும் கேலி செய்வாள்.

2014-இல் அதே மயாமி அணி, அதே இறுதித் தொடர். டங்கனுக்கு வயது 38. ஸ்பர்ஸ் 4-1 என்று வென்றது. வென்ற நான்கு ஆட்டங்களும் பதினைந்து புள்ளிக்குக் குறையாத வித்தியாசத்தில். அந்தத் தொடரில் பந்து ஒருவர் கையிலும் தங்கவில்லை. கையிலிருந்து கைக்கு, மூலையிலிருந்து நடுவுக்கு, மறுபடி மூலைக்கு என்று போய்க்கொண்டே இருந்தது. நான் பார்த்த கூடைப்பந்திலேயே அழகானது எது என்று கேட்டால் தயங்காமல் அதைச் சொல்வேன். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது இருபத்து இரண்டு வயது லெனர்டுக்குப் போயிற்று. விருதை அவர் வாங்கும்போது பின்னால் நின்ற டங்கனின் முகத்தை, அப்பத்தா இருந்திருந்தால், பார்த்துவிட்டு ஏதாவது சொல்லியிருப்பார்.

2016 ஜூலை 11 அன்று, விடைபெறும் சுற்றுப்பயணமோ பத்திரிகையாளர் சந்திப்போ எதுவுமில்லாமல், அணி வெளியிட்ட ஓர் அறிக்கையோடு டங்கன் ஓய்வு பெற்றார். அதே ஆண்டு ஓய்வு பெற்ற கோபி பிரையன்ட், போகிற ஊரெல்லாம் பரிசும் பாராட்டும் பெற்றுக்கொண்டு, கடைசி ஆட்டத்தில் 60 புள்ளிகள் எடுத்துவிட்டுப் போனவர். அது அவர் குணம். அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. டங்கனின் கடைசி ஆட்டம் ஓக்லஹோமா நகரில் தோற்ற ஆட்டம். நாற்பது வயதில் 19 புள்ளி எடுத்தார். அன்று அது கடைசி ஆட்டம் என்று யாருக்கும் தெரியாது. ப்ளேஆஃப் நீங்கலாக மொத்தம் 1,392 ஆட்டங்கள், 26,496 புள்ளிகள், 15,091 ரீபவுண்டுகள், 3,020 பிளாக்குகள். அவர் ஆடிய ஆட்டங்களில் அணி வென்றவை 1,001, தோற்றவை 391. ஐந்து பட்டங்கள். ஒரே அணி, ஒரே பயிற்சியாளர். அவர் இருந்த பத்தொன்பது பருவங்களில் ஒன்றில்கூட ஸ்பர்ஸ் ப்ளேஆஃப் சுற்றுக்குப் போகாமல் இருந்ததில்லை.

ஓய்வுக்குப் பிறகு சான் அன்டோனியோவில் கார்களை மாற்றியமைக்கும் பட்டறை, கிக் பாக்ஸிங், பிள்ளைகள் என்று இருந்தவரைப் போப்போவிச் 2019-20 பருவத்துக்கு உதவிப் பயிற்சியாளராக இழுத்துவந்தார். 2020 மார்ச்சில் ஒரே ஓர் ஆட்டத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராக நிற்க நேர்ந்தது. ஸ்பர்ஸ் 104-103 என்று வென்றது. ஆக, பயிற்சியாளராக அவர் தோற்றதே இல்லை. அந்தப் பெருமையோடு ஒரே ஆண்டில் அதையும் விட்டுவிட்டார். பெருமைமிகு ஆட்டக்காரர்கள் மன்றத்தில் அவரைச் சேர்க்கும் விழா, பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2021 மே மாதம் நடந்தது. மேடையில் அவரை அறிமுகப்படுத்தும் இடத்தில் நின்றவர் டேவிட் ராபின்சன்.

நான் படித்த கல்லூரியின் திடல் இப்போது சிமென்ட் தரை; போர்டு கண்ணாடி இழை. மழைக்குப் பிதுங்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் என் தங்கை மகளை அங்கே அழைத்துப்போகிறேன். பதினைந்து வயது, என்னைவிட வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிறாள். இந்தத் தலைமுறைப் பிள்ளைகள் எல்லாரையும்போல மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றுதான் எறிவாள். போன வாரம் அவளை இடப்பக்கம், 45 பாகையில், பத்தடியில் நிறுத்தி, கட்டத்தின் மேல்மூலையைக் காட்டினேன். "எறியாதே, அங்க கொண்டுபோய் வையி" என்றேன். "போர்டு ஷாட்டா? அதை யாரு அம்மான் இப்ப ஆடுறா?" என்று கேட்டாள். முதல் எட்டும் தவறின. சிலது கட்டத்துக்கு மேலே போய் முட்டின; சிலது ரிங்கின் அடியில். எனக்கு முழங்கால் வலித்ததால் கம்பத்தில் சாய்ந்து நின்றுகொண்டேன். ஒன்பதாவது பந்து போர்டில் பட்ட சத்தம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. அவளும் அதைக் கேட்டிருக்க வேண்டும். என்னைத் திரும்பிப் பார்க்காமல், பந்தை எடுக்க ஓடினாள்.